செஸ் போட்டிகளில் ஜெயிக்க ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, மனப்பாடம் செய்தால் போதுமா?

போதாது. ஏன் என்பதற்கு ஒரே ஒரு ஆட்டத்தைக் காட்டுகிறேன். 2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ, டாடா ஸ்டீல் போட்டி. லெவோன் அரோனியனுக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய ஆனந்த் 23 நகர்த்தல்களில் வென்றார்.

ஓப்பனிங், செமி ஸ்லாவ் என்ற தொடக்க முறையில் மெரான் வகை. 1924இல் மெரான் நகரில் அந்தக் கால ஜாம்பவான் ரூபின்ஸ்டைன் ஆடியதால் வந்த பெயர். (சி4 போன்றவை கட்டங்களின் பெயர்கள்: எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை.) கறுப்பு சி4 சிப்பாயை வெட்டும். பதிலுக்கு வெட்ட வரும் வெள்ளை பிஷப்பை, சிப்பாயை பி5க்குத் தள்ளி விரட்டும். பிறகு பி7இல் தன் பிஷப்பை வைத்து, சமயம் பார்த்து இன்னொரு சிப்பாயை சி5க்குத் தள்ளும். அதுவரை அடைந்து கிடந்த அந்த பிஷப்புக்கு, வெள்ளை ராஜா இருக்கும் பக்கம் வரை வழி திறந்துவிடும். மெரானின் உயிரே அதுதான்.

அரோனியனின் குதிரை எச்7 சிப்பாயை வெட்டி, எஃப்8 யானையையும் குறிவைத்தது. ஆனந்த் அந்தக் குதிரையைத் தொடவே இல்லை. தன் குதிரையை ஜி4க்கு அனுப்பினார். 15ஆவது நகர்த்தலில், டி4 சிப்பாய் வெட்டக்கூடிய சி5 கட்டத்திலேயே பிஷப்பைக் கொண்டுபோய் வைத்தார். அடுத்து இன்னொரு குதிரையை இ5இல், எஃப்4 சிப்பாயின் வாயிலேயே வைத்தார்! அதை வெட்டினால் ராணி டி4இல் செக், ராஜா மூலைக்கு ஓட, ராணி ஜி1இல் தன்னையே பலி கொடுக்கும். யானை அதை வெட்டியாக வேண்டும்; குதிரை எஃப்2இல் மேட். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது.

1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக இதே ரூபின்ஸ்டைன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்திலும் இரண்டு பிஷப்புகளும் ஜி4 குதிரையும் இப்படித்தான் ராஜாவைச் சூழ்ந்தன. ஓப்பனிங் வேறு, தாக்குதலின் அமைப்பு ஒன்று.

ஆனந்தின் வீட்டுத் தயாரிப்பு இதில் இருந்தது உண்மை. 2012இல் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலக சாம்பியன்ஷிப்புக்காகச் செய்த வேலை அது. ஆனால் காய்கள் எதற்காக அங்கே நிற்கின்றன என்று தெரிந்தவருக்குத்தான் அப்படிப்பட்ட தயாரிப்பு மாதக்கணக்கில் மனதில் தங்கும் என்பது என் எண்ணம்.

நீங்கள் மெரான் கற்பதாக இருந்தால் அதில் பிரியும் நகர்த்தல் கிளைகளை அப்புறம் பாருங்கள். முதலில் நல்ல ஆட்டக்காரர்களின் பத்து ஆட்டங்களை எடுத்து, கறுப்பு எந்த நேரத்தில் சி5 தள்ளுகிறது, ஏன் அதற்கு முன்பே தள்ளவில்லை என்று மட்டும் கவனியுங்கள்.