சிகரெட்டை விட்டு ஆறு மாதம் ஆகிறது, இப்போது தைராய்டு என்கிறார்கள். சம்பந்தம் உண்டா?

உண்டு. ஆனால் அதற்காக மறுபடி பற்றவைக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்தே படியுங்கள். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு "பார்த்தியா, விட்டதால வந்த வினை" என்று ஏற்றிவிட நம்மைச் சுற்றி ஆள் நிறைய இருக்கிறது.

நீங்கள் சொல்லியிருப்பது இது: பல வருடம் புகைத்தவர், ஆறு மாதமாகத் தொடவில்லை. எடை ஏறுகிறது, எந்நேரமும் அசதி. டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன், தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) 11 என்று வந்திருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் "ஒரு தம் போடு, எல்லாம் செரியாப் போகும்" என்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்ததால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்குப் பல்லடம் பக்கம் தறிக்குடோன். விட்ட புதிதில் எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் இருந்தது. நிகோடின் இல்லாத தவிப்பு முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். அவருக்கும் அடங்கியது. சில மாதம் கழித்து வந்ததுதான் வேறு மாதிரி. சித்திரை வெயில், சிமெண்ட் ஓட்டுக் கூரை, தறி ஓட்டுகிற எல்லோரும் பனியனோடு நிற்கிறார்கள். இவர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு, "பேனை அமத்து புள்ள, குளுருது" என்கிறார். குரல் கரகரத்துப் போனது. காலையில் எழுந்தால் முகம் அதைத்திருக்கும். கல்யாண மோதிரம் சோப்பு நுரை போட்டும் கழலவில்லை. சாப்பாடு குறைந்தது, எடை மட்டும் ஏறியது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். புகையை விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறுவது சகஜம். அதனால் அசதி, எடை, மனச்சோர்வு என்று எது வந்தாலும் "விட்டதால்தான், போகப் போகச் சரியாகும்" என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் நிகோடின் தவிப்பு நாளுக்கு நாள் குறையும். தைராய்டு சுரப்பு குறைந்தால் வரும் தொந்தரவு நாளுக்கு நாள் கூடும். குளிர் தாங்காமை, தோல் வறட்சி, குரல் தடிப்பது, நாடித்துடிப்பு மெதுவாவது எல்லாம் தைராய்டின் பக்கம் கைகாட்டுபவை. ஒரு மாதம் தாண்டியும் அசதி ஏறிக்கொண்டே போனால் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இது பற்றி டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. நோய் எதிர்ப்பு அணுக்களே தைராய்டைத் தாக்குவதால் சுரப்பு குறைந்துபோன 140 பேரை, நோயில்லாத 560 பேரோடு ஒப்பிட்டார்கள். புகையை விட்ட முதல் இரண்டு வருடத்தில் இந்த நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஏற்றம் இறங்கிவிட்டது. ஆறு மடங்கு என்றதும் பதற வேண்டாம். எந்த ஒரு வருடத்திலும் புதிதாக இந்த நோய் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தச் சின்ன எண்ணைத்தான் ஆறால் பெருக்குகிறோம். விட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது வருவதே இல்லை.

ஏன் வருகிறது? புகைக்கிறவர்களின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி (நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் புரதம்) சராசரியாகக் குறைவாகவே இருக்கிறது, டி.எஸ்.எச்.சும் சற்று இறங்கியே இருக்கிறது. புகையிலையில் உள்ள சில பொருட்கள் அந்தத் தாக்குதலை அமுக்கி வைப்பதாகவும், விட்டதும் அது தலைதூக்குவதாகவும் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அதாவது, நோய்க்கான வாகு முன்பே உடம்பில் இருந்தவர்களுக்கு அது வெளியே தெரிகிறது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ தைராய்டு இருந்தால் விட்டவுடனே ஒருமுறை, பிறகு சில மாதம் கழித்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

இதற்காகப் புகை தைராய்டுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புகையில் இருக்கும் சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். நம் சேலம், நாமக்கல் பக்கம் விளைகிற குச்சிக் கிழங்கிலும் (மரவள்ளி) சயனைடு தரும் பொருள் உண்டு. அதிலிருந்தும் இதே தயோசயனேட்தான் உருவாகிறது. அயோடின் பற்றாக்குறையோடு அந்தக் கிழங்கையே முழுநேர உணவாகச் சாப்பிட்ட ஆப்பிரிக்கப் பகுதிகளில் முன்கழுத்துக் கழலை பரவலாக வந்தது. (கிழங்கை விட வேண்டியதில்லை. தோலுரித்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அயோடின் உப்பு சேர்த்து அளவாகச் சாப்பிடலாம்.)

என் வீட்டுக்காரருக்கு டி.எஸ்.எச். 38 இருந்தது, பிரீ டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) குறைவு, டி.பி.ஓ. ஆன்டிபாடி (தைராய்டைக் குறிவைக்கும் ஆன்டிபாடி) அதிகம். குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்சின் மாத்திரையை டாக்டர் தொடங்கினார். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு முன்னால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட வேண்டும். எங்கள் வீட்டில் கண் விழித்ததும் காபி கேட்கிற மனிதருக்கு அதுதான் பெரிய தண்டனை. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். அளவு பொருந்துகிறதா என்று ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். இப்போது குடோனில் பேனை அவரே போடுகிறார்.

உங்கள் 11 விஷயத்துக்கு வருகிறேன். டி.எஸ்.எச். வழக்கமாக 0.4 முதல் 4 வரை என்பார்கள், லேபுக்கு லேப் சற்று மாறும். 11 கூடுதல்தான். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. பிரீ டி4, டி.பி.ஓ. ஆன்டிபாடி இரண்டும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், ரிசல்ட்டைக் குழப்பும். சிகரெட்டை எந்த மாதம் விட்டீர்கள் என்பதையும் நீங்களே சொல்லுங்கள், கேட்காமல் விட்டுவிடுவார்கள். மறுபடி புகைத்தால் இந்த நோய் குணமாகாது. நெஞ்சும் நுரையீரலும்தான் கெடும். சுரப்பு குறைந்ததை ஒரு மாத்திரை ஈடுகட்டும். மாரடைப்பை அப்படி ஈடுகட்ட மாத்திரை இல்லை.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது எதிர்ப்பக்கத் தொந்தரவு, அதாவது சுரப்பு கூடிப்போய்ப் படபடப்பு, எடை இறக்கம், கண் பிதுங்கல் இருந்தால், அவர்களுக்குப் புகை நேரடி எதிரி. நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தூண்டி அதிகம் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயில் கண் பாதிப்பைப் புகை அதிகப்படுத்தும், கண்ணுக்குக் கொடுக்கிற மருந்தையும் சரியாக வேலை செய்ய விடாது. விடுவது கஷ்டமாக இருந்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். மத்திய அரசின் புகையிலை விடுப்பு உதவி எண் அது, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.