வாசகர் கேள்வி: குரல் செய்தி இருக்க எழுத்து எதற்கு?

கேள்வி: கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு மாலை நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பத் தெரியும். "பேசினாலே காரியம் முடிகிறதே, எழுத்து எதற்கு?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
- தன்னார்வலர், பாம்பன்

பதில்: அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது; ஆகவே உபதேசம் வேண்டாம். குரலால் முடியாத காரியங்கள் எவை என்று அவர்களையே சொல்ல வையுங்கள். வியாபாரி எழுதித் தரும் எடைச் சீட்டும் மகளிர் குழுவின் கணக்கு நோட்டும் தாமாகப் பேசுவதில்லை. வங்கிக் குறுஞ்செய்தியைச் செல்பேசியே வாசித்துக் காட்டும் காலம் இது என்பது உண்மைதான், ஆனால் சீட்டில் அடித்துத் திருத்தப்பட்ட எடையைப் பார்த்து "இது ஏன்?" என்று கேட்க, சீட்டை வைத்திருப்பவருக்கே வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்தை மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் நாள்தோறும் புழங்கும் பாசிப் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். முதலில் 'பாசி' என்ற சொல்லை அட்டையில் பெரிதாக எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள்; அவர்கள் அதை வாசித்துக் குரலாக அனுப்பட்டும். சில வாரங்கள் கழித்து முறையைத் திருப்பிவிடுங்கள்: நீங்கள் குரலில் சொல்வதை அவர்கள் சிலேட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எழுத்துக்குப் போட்டியாக வந்த குரல் செய்தி இப்படித்தான் எழுத்துக்குத் துணையாகும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கற்பவர் விரும்பும் கருவியைப் பாடத்தோடு சேர்ப்பது நமக்குப் புதிதல்ல.

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியவர்களுக்குக் கூகுளின் ரீட் அலாங் செயலி பயன்படும். உரக்க வாசிப்பதைக் கேட்டு, தடுமாறும் சொல்லை அது சொல்லிக்கொடுக்கும். கதைகளை முன்பே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் இயங்கும். அது குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது என்பதால் பெரியவர்கள் கூச்சப்படலாம். பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரே செல்பேசி இருந்து, அதுவும் கணவரோடு கடலுக்குப் போய்விடுமானால், விசைப்படகுகளுக்கான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைச் செயலிப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மற்ற நாள்களுக்கு அட்டையும் சிலேட்டும் போதும். 15 வயது கடந்தவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் இவர்களைச் சேர்ப்பது பற்றி அருகிலுள்ள அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடு எங்கள் ஊரில் திறப்பதே இல்லை. என்ன செய்யலாம்?
- பத்தாம் வகுப்பு மாணவி, வாலிநோக்கம்

பதில்: சிக்னல் கிடைக்கும் இடத்தில், அந்தக் குறியீட்டுக்குரிய பாடங்கள் உள்ள திக்‌ஷா செயலியைத் திறந்து, வேண்டிய பாடங்களை இறக்கி வைத்துக்கொள், பிறகு இணையம் இல்லாமலே பார்க்கலாம். வீட்டில் கேபிள் இணைப்பு இருந்தால், 2019இல் தொடங்கப்பட்ட அரசின் கல்வித் தொலைக்காட்சிக்கு இணையமே வேண்டியதில்லை.