ஜாவாஸ்கிரிப்டில் பண்பின் பெயர் ஒரு மாறிக்குள் இருந்தால் எப்படி எடுப்பது?

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு விலைப் பக்கம் எழுதுகிறீர்கள். விலை என்ற பொருளில் (ஆப்ஜெக்ட்) ஒவ்வொரு மஞ்சள் வகையின் பெயரும் ஒரு பண்பு. பயனர் விரலியோ கிழங்கோ தேர்ந்தெடுத்ததும் அந்தப் பெயர் வகை என்ற மாறிக்குள் வருகிறது. விலை.வகை என்று கேட்டால் 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு இல்லை) வருவது ஏன் என்கிறீர்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ஜாவாஸ்கிரிப்ட் அப்படியே பெயராக எடுத்துக்கொள்ளும். வகை என்ற மாறிக்குள் "விரலி" இருப்பதை அது எட்டிக்கூடப் பார்க்காது; "வகை" என்றே ஒரு பண்பைத் தேடும். விலை[வகை] என்று எழுதுங்கள், சரியாகிவிடும். சதுர அடைப்புக்குள் இருப்பதை முதலில் மதிப்பிட்டு, கிடைத்த சரத்தை (எழுத்துத் தொடரை) பெயராக வைத்துத் தேடும். விலை["விரலி மஞ்சள்"] என்று இடைவெளி உள்ள பெயருக்கும் இதுதான் வழி.

அப்புறம், பெயர் பயனரிடமிருந்து வந்தால் கவனம். 'கன்ஸ்ட்ரக்டர்' என்று கேட்டால், நீங்கள் வைக்காத ஒன்று முன்மாதிரியிலிருந்து (பொருள் தன் பண்புகளை மரபாகப் பெறும் புரோட்டோடைப்) வந்து நிற்கும். அந்தப் பெயர் விலையிலேயே இருக்கிறதா என்று ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன்(விலை, வகை) மூலம் முதலில் சோதியுங்கள். வகைகள் கூடிக்கொண்டே போனால் பெயரையும் மதிப்பையும் இணையாக வைக்கும் மேப்பைத்தான் நான் எடுப்பேன். இவால் என்ற செயற்கூறு மட்டும் வேண்டவே வேண்டாம்: வெளியிலிருந்து வரும் சரத்தை நிரலாகவே ஓட்டிவிடும்.