பெர்சியன் குட்டிக்கு அப்பன் எந்தக் கடுவன்?

கேள்வி: குன்னூரில் ஒருவரிடம் இரண்டு பெர்சியன் பூனைக்குட்டிகளுக்குப் பேசி வைத்திருக்கிறோம். அப்பன் பெங்களூருவில் இருக்கும் சாம்பியன் கடுவன் என்று சொல்லி விலையைக் கூட்டுகிறார். டிஎன்ஏ அறிக்கை ஒன்றும் காட்டினார். முன்பணம் கொடுக்கலாமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அறிக்கையில் கடுவனின் பெயர் மட்டும் இருந்தால், அது அந்தக் கடுவனின் அடையாளச் சான்றுதான்; உங்கள் குட்டிகளைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. குட்டி, தாய், கடுவன் மூன்றையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 15 இலக்க மைக்ரோசிப் எண் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லின் எண்) அச்சாகியிருக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் சிப் ரீடர் இருந்தால், உங்கள் கண்முன்னே குட்டியின் எண்ணைப் படித்துச் சரிபாருங்கள்.

டிஎன்ஏவில் ஒப்பிட்டுப் பார்க்கும் குறிப்பிட்ட இடங்களை மார்க்கர் என்பார்கள். ஒவ்வொரு மார்க்கரிலும் குட்டிக்கு இரண்டு எண்கள் வரும்; ஒன்று தாய் கொடுத்தது, மற்றது அப்பன் கொடுத்தது. உதாரணமாக, குட்டிக்கு 148/152, தாய்க்கு 148/150 என்றால், 152 கடுவனிடம் இருந்தாக வேண்டும். ஒரே ஒரு மார்க்கர் பொருந்தாமல் இடித்தால் அது மரபணுவில் நேர்ந்த திடீர் மாற்றமாகவும் இருக்கலாம். மூன்று நான்கு இடித்தால் அவன் அப்பன் இல்லை. பூனைகளுக்கான சர்வதேசத் தொகுப்பில் 9 மார்க்கர்கள் உண்டு. 2007-இல் வெளியான ஆய்வின்படி, அப்பன் அல்லாத பூனையை விலக்கும் திறன் சாதாரணப் பூனைகளில் 99.47 சதவீதத்துக்கு மேல். இனப்பூனைகளில் சிலவற்றில் 90.08 வரை இறங்கிவிடுகிறது. சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்ப்பதுதான் காரணம். விற்பவரிடம் அண்ணன் தம்பிக் கடுவன்கள் இருந்தால் கூடுதல் மார்க்கர் கேளுங்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு அப்பன்கள் இருப்பதும் உண்டு. எனவே இரண்டு குட்டிகளையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

மாதிரியை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள். பால் குடித்த குட்டியின் வாயில் தாயின் செல்கள் ஒட்டியிருக்கும். அதனால் ஒரு மணி நேரமாவது தாயிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். பஞ்சுக்குச்சியைக் கன்னத்தின் உட்புறம், ஈறை ஒட்டி, 10 விநாடிக்குக் குறையாமல் உருட்ட வேண்டும். பூனைக்கொரு குச்சி. அதிகம் கெடுவது இதற்குப் பிறகுதான்: ஆடி மாத மூடுபனியில் குச்சி லேசில் காயாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். அடுப்பங்கரை போலக் கதகதப்பான இடத்தில் நிழலில் நன்றாக உலர்த்தி, காகித உறையில் அனுப்புங்கள்.

ஒரு சோதனைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அப்பன் யார் என்பதை விட்டுவிட்டு பிகேடி1 சோதனையைச் செய்யுங்கள். பெர்சியனில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி உண்டாக்கும் மரபணுப் பிழை அது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். குட்டியைப் பார்த்தால் தெரியாது, நடுவயதில்தான் பெரும்பாலும் சிறுநீரகம் கைவிடும்.

முன்பணம் கொடுக்கும் நாளில், “டிஎன்ஏ பொருந்தாவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்” என்று குட்டிகளின் சிப் எண்களோடு ரசீதில் எழுதி, கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.