பருப்பு மண்டியா, எம்.பி.ஏ.வா?

கேள்வி: விருதுநகரில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். அப்பாவுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். எனக்கு எம்.பி.ஏ. படிக்க ஆசை. 'எம்.பி.ஏ. படிச்சவன் நாலு பேர் நம்மகிட்ட கணக்கு எழுத வருவான், உனக்கு எதுக்கு அது?' என்கிறார் அப்பா. சென்னையில் ஒரு கல்லூரியில் இரண்டு வருடத்துக்கு 8 லட்சம், நுழைவுத் தேர்வே வேண்டாம், இந்த வாரத்துக்குள் 25,000 கட்டினால் சீட் உறுதி என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். கட்டலாமா? – ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த 25,000. கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அப்பா சொல்வதில் பாதி சரிதான். உங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு இறங்கியதும் மில்காரருக்கு 15 நாளில் பணம் போக வேண்டும், ஆனால் ஊர் ஊராக இருக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் 45 நாள் கழித்துத்தான் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 30 நாள் இடைவெளி. 10 லட்ச ரூபாய் சரக்கென்றால் 12 சதவீத வட்டிக்கு அந்த ஒரு மாதத்தில் மட்டும் கிட்டத்தட்ட 10,000 ரூபாய் கரைகிறது. இதைத்தான் வகுப்பில் ஒர்க்கிங் கேப்பிடல் என்று வாரக்கணக்கில் நடத்துவார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம், யாருக்கு எத்தனை நாள் கடன் விடலாம் என்பது மட்டும் ஆளைப் பார்த்தே தெரியும். ஆனால் அந்த 10,000 அவருடைய பற்றுவரவு நோட்டில் எந்தப் பக்கத்திலாவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. 'பழைய பார்ட்டி, நிறைய எடுப்பார்' என்று அவர் பெருமையாகச் சொல்கிற ஆள், வட்டியைக் கழித்துப் பார்த்தால் நஷ்டக் கணக்காகக்கூட இருக்கலாம். படிப்பு உதவுவது இந்த இடத்தில்தான். அப்பா சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இது.

ஆனால் கையில் எதுவுமே இல்லாமல் வகுப்பில் போய் உட்கார்ந்தால் இதெல்லாம் வெறும் மனப்பாடம். நான் டிகிரி முடித்த கையோடு எம்.பி.ஏ. சேர்ந்தவன், அதனால் சொல்கிறேன். ஒருநாள் ஒரு கேஸ், அதாவது ஒரு கம்பெனியின் பிரச்சினையை எழுதிக்கொடுத்து விடை கேட்கும் பயிற்சி, கொடுத்தார்கள்: ஒரு மருந்து கம்பெனியில் விற்பனை ஆட்கள் ஆறு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை, ஏன்? நான் எழுந்து ஊக்கத்தொகை, தலைமைப் பண்பு என்று பாடப்புத்தகத்தை ஒப்பித்தேன். பின்வரிசையில் மூன்று வருடம் மெடிக்கல் ரெப்பாக அலைந்துவிட்டு வந்தவர் ஒருவர் இருந்தார். 'சார், பஸ் சார்ஜும் லாட்ஜ் வாடகையும் கைக்காசு போட்டுக் கட்டியிருப்பான், பில் பாஸாக ரெண்டு மாசம் ஆகியிருக்கும், வீட்ல சண்டை வந்திருக்கும்' என்றார். வகுப்பே சிரித்தது. கேஸின் கடைசிப் பக்கத்தில் இருந்த அட்டவணையைப் பார்த்தால் அதுதான் விடை! அதே பாடம், அதே வாத்தியார், அவர் எடுத்துக்கொண்டு போனது வேறு, நான் எடுத்துக்கொண்டு போனது வேறு.

அதனால் என் யோசனை, ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போங்கள். அப்பா கடையில் வேண்டாம், அங்கே நீங்கள் முதலாளி மகள், யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். ஓர் ஆடிட்டர் ஆபீஸ், சோப்பு பிஸ்கட் டிஸ்ட்ரிபியூட்டர், ஏதாவது ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு, சம்பளம் குறைவானாலும் பரவாயில்லை. ஆனால் இதை ஆண்பிள்ளைக்குச் சொல்வதுபோல உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் இடைவெளி விழுந்தால் வீட்டில் ஜாதகம் வெளியே வந்துவிடும் என்ற நிலை இருந்தால், என் யோசனையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரே படிக்கப் போய்விடுங்கள். உங்கள் வீடு உங்களுக்குத்தான் தெரியும்.

போவதானால் தேர்வு எழுதிப் போங்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் இருக்கிறது, அந்த மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சலிங்கில் அரசு ஒதுக்கீட்டு சீட் கிடைத்தால் செலவு நீங்கள் சொன்ன 8 லட்சத்துக்குப் பக்கத்திலேயே வராது. இன்னும் உயரமாகப் பார்த்தால், ஐ.ஐ.எம். எனும் மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வு இருக்கிறது, வழக்கமாக நவம்பர் கடைசியில் நடக்கும், 2011-இல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். உங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ் தூரம். கேட்டில் கணக்கு கொஞ்சம் படுத்தும், ஆனால் பி.காம். படித்தவர்களால் முடியாதது இல்லை. கல்லூரி கொடுப்பது பட்டமா டிப்ளமாவா, பட்டமென்றால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்பதையும் கேளுங்கள். டிப்ளமா என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன், 2017-இல் பட்டம் கொடுக்க அதிகாரம் தந்த சட்டம் வரும்வரை ஐ.ஐ.எம்.களே டிப்ளமாதான் கொடுத்துவந்தன. எது என்று தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் போன்காரர் 'சராசரி சம்பளம் நாலரை லட்சம்' என்று கட்டாயம் சொல்லியிருப்பார். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 3 லட்சம், ஒருவருக்கு 18 லட்சம் என்றாலும் சராசரி நாலரைதான். போன வருடம் முடித்தவர்களில் நடுவில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது, என்ன வேலை என்று கேளுங்கள். 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்று சொன்னால் பாதி நேரம் அது இன்சூரன்ஸும் கிரெடிட் கார்டும் விற்கிற வேலை. அதில் கேவலம் ஒன்றுமில்லை, அதற்கு 8 லட்சம் கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி. அந்த 8 லட்சத்தையும் பத்தரை சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கி ஏழு வருடத்தில் அடைத்தால், படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலேயே மாதத் தவணை சுமார் 13,500. மூன்று லட்சம் சம்பளத்தில் மாதம் 25,000. சென்னையில் ஹாஸ்டல் வாடகையை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

அவர் அடுத்த முறை கூப்பிட்டால், போன வருடம் முடித்த மூன்று பேரிடம் பேச வேண்டும், ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் தினமும் போன் வராது என்று நினைக்கிறேன்.