ஆசிரியர், பெற்றோர் கேள்விகள்: சொல் எப்படி மனதில் தங்கும்?

கேள்வி: 7ஆம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். பாடத்துக்கு 15 அருஞ்சொற்களை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். மறுநாள் ஒப்பிக்கிறார்கள். கட்டுரையில் ஒரு சொல்கூட வருவதில்லையே?
- ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதலில் 15 சொற்களை 5 ஆகக் குறையுங்கள். வேறு பாடத்திலும் நாளிதழிலும் மறுபடி கண்ணில் படும் சொற்களே வேண்டும்: விளைவு, செறிவு, ஒப்பிடு, தவிர் போல. செய்யுளில் மட்டும் வரும் சொல்லுக்குப் படிக்கும்போதே பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

'நவின்றான் என்றால் சொன்னான்' என்று மட்டும் கற்ற பிள்ளை, "அம்மா என்னைக் கடைக்குப் போகும்படி நவின்றாள்" என்று எழுதும். பிள்ளைமேல் குற்றமில்லை. அந்தச் சொல் எங்கே புழங்கும் என்று நாம்தான் சொல்லித் தரவில்லை. ஆகவே பொருளோடு யார், எதை, எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு பொருந்தும் வாக்கியம் ஒன்றும் பொருந்தாதது ஒன்றும் கரும்பலகையில் எழுதி, எது சரி, ஏன் சரி என்று கேளுங்கள். சொல்லுக்கு 3 நிமிடம் போதும்.

அடுத்து, சொல்லின் குடும்பம். 'விளை' என்று நடுவில் எழுதுங்கள். விளைச்சல், விளைநிலம், விளைபொருள் எனப் பிள்ளைகளே அடுக்குவார்கள். கடைசியாக 'விளைவு' வரட்டும். வயலில் விளைவதும் செயலால் விளைவதும் ஒன்றுதான் என்று அவர்களுக்குப் பிடிபடும். அந்தச் சொல் பிறகு மறக்காது. யாராவது 'விளையாட்டு' என்பார்கள். உடனே அந்தச் சொல்லை அடித்துவிடாதீர்கள். "இதில் என்ன விளைகிறது?" என்று கேளுங்கள். எழுத்து ஒத்தாலும் பொருள் ஒட்டவில்லை என்பதை அவர்களே கண்டு சொல்லட்டும்.

சொற்களை ஒரு செருப்புப் பெட்டியில் அட்டைகளாகச் சேருங்கள்: ஒருபுறம் சொல், மறுபுறம் மாணவரின் சொந்த வாக்கியம். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று 5 நிமிடம் எடுத்துப் பாருங்கள். இந்தத் திரும்பப் பார்த்தலை விட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். வாரம் 5 சொல் என்றால் 30 வாரத்தில் 150. கட்டுரை கொடுக்கும்போது தலைப்பின் கீழே பெட்டியிலிருந்து 4 சொற்களை எழுதி, 2 கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தப்பாக எழுதிய சொல்லை 10 முறை இம்போசிஷன் எழுத வைக்கலாமா?
- ஓர் ஆசிரியர், திருச்சி

பதில்: எழுத்து பழகும், பொருள் பழகாது. வலி, வளி, வழி போல மயங்கும் சொற்களுக்கு எழுத்துப் பயிற்சி தேவைதான். அதையும் 3 முறை, ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: 6ஆம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அகராதி வாங்கித் தந்தேன். தேடினால் சொல்லே இல்லை என்கிறாள்.
- ஒரு தாய், மதுரை

பதில்: 'நின்றான்' என்று தேடியிருப்பாள். அகராதியில் 'நில்' என்றுதான் இருக்கும். அதையும் 'நிலம்' தாண்டித் தேடினால் கிடைக்காது. புள்ளி வைத்த எழுத்து முந்தி வரும் என்பதால் 'நில்' முன்னாலேயே இருக்கும். தினம் 5 சொற்களுக்கு அகராதியைத் திறக்கும் முன்பே வேரை எழுதட்டும்: கண்டான் - காண், தந்தான் - தா, கேட்டாள் - கேள். கிடைத்ததும் முதல் பொருளோடு மூடிவிடாமல், ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். "ஆசிரியரிடம் கேட்டாள்", "ஆசிரியர் சொன்னதைக் கேட்டாள்" இரண்டிலும் 'கேள்' ஒன்றல்ல.