ஒத்த கியர் சைக்கிள்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: சும்மா கெடக்குற பழைய கியர் சைக்கிளை சிங்கிள் ஸ்பீடா மாத்தணும்னு ஆசை. மொதல்ல என்ன வாங்கணும் சார்?

பதில்: ஒண்ணும் வாங்காதீங்க. சைக்கிள் பின்னாடி போய் உக்காந்து, பின் சக்கரத்தோட அச்சு ஃப்ரேம்ல மாட்டுற வெட்டு எந்தப் பக்கம் பாத்து இருக்குன்னு பாருங்க. படுக்கையாவோ சரிவாவோ இருந்தா பாதி வேலை முடிஞ்சுது, சக்கரத்தை முன்னபின்ன நகத்தியே செயினை டைட் பண்ணிக்கலாம். நேரா கீழ பாத்து இருந்தா சக்கரம் நகராது, தொங்குற செயினை இழுத்துப் பிடிக்க தனியா டென்ஷனர் போடணும். சிலர் அது வேணாம்னு சொல்லி முன், பின் பல்சக்கரத்தோட பல்லு எண்ணிக்கையை மாத்தி மாத்தி கரெக்டா உக்காருற ஜோடியைத் தேடுவாங்க, ஒரு பல்லு கூடினா அச்சு சுமார் 3 மில்லிமீட்டர் முன்னாடி வரணும்ங்கறது கணக்கு, ஆனா செயின் தேய்ஞ்சு நீள ஆரம்பிச்சதும் அந்த ஜோடியும் தொங்கிடும். என் ஓட்டு டென்ஷனருக்குத்தான். பின் சக்கரத்து நடுவுல இருக்குற ஹப்புல கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, இருந்தா அதைக் கழட்டிட்டு ஒரே ஒரு பல்சக்கரமும் மிச்ச இடத்துக்கு ஸ்பேசர் வளையமும் போட்டா போதும், சக்கரம் புதுசா கட்ட வேணாம்.

கேள்வி: எல்லாரும் சொல்றாங்கன்னு முன்னாடி 44, பின்னாடி 16 பல்லு போட்டேன். மேட்டுல மூச்சு வாங்குது. எனக்கு தெம்பு பத்தலையா?

பதில்: தெம்புக்கு என்ன குறைச்சல், கியர்தான் கனம். 44ஐ 16ஆல வகுத்தா 2.75, அதாவது ஒரு மிதிக்கு சக்கரம் ரெண்டே முக்கால் சுத்து. 700சிங்கற சைஸ் சக்கரத்தோட சுத்தளவு சுமார் 2.1 மீட்டர், அப்போ ஒரு மிதிக்கு 5.8 மீட்டர் போறீங்க. நிமிஷத்துக்கு 80 மிதின்னா மணிக்கு 28 கிலோமீட்டர் கிட்ட வரும், சமதளத்துல சரி, மேட்டுல 80 எங்க வருது! முன்னாடி 42, பின்னாடி 18 போட்டுப் பாருங்க, மிதிக்கு 4.9 மீட்டராகும், முட்டி நன்றி சொல்லும். இதுல ஒரு சூட்சுமம், 44ம் 16ம் சேந்தா 60, 42ம் 18ம் சேந்தாலும் 60, அதனால செயினை வெட்டாம அதே நீளத்துல ஓட்டலாம், அச்சும் கிட்டத்தட்ட அதே இடத்துலயே நிக்கும்.

கேள்வி: செயின் நல்லா டைட்டா இருக்கு, ஆனாலும் கரகரன்னு சத்தம். ஒரு தடவை கழண்டே போச்சு.

பதில்: "நல்லா டைட்டா"ங்கறதுதான் இடிக்குது. முன் பல்சக்கரம் எதுவும் அச்சு அசலா வட்டமா இருக்காது, பெடலை கையால மெதுவா ஒரு முழுச் சுத்து சுத்துங்க, ஒரு இடத்துல செயின் இறுகும் இன்னொரு இடத்துல தொளதொளக்கும். இறுகுற இடத்துல வெச்சு செயினோட நடுவுல விரலால அழுத்துங்க, மேலயும் கீழயுமா ஒரு சென்டிமீட்டர் ஆடணும், கம்பி மாதிரி நின்னா ஹப் பேரிங்தான் அடி வாங்கும். கழண்டதுக்குக் காரணம் அனேகமா செயின் லைன். ஃப்ரேமோட நடுவுல இருந்து முன் பல்லு எவ்வளவு தள்ளி இருக்கோ பின் பல்லும் அதே அளவு தள்ளி இருக்கணும், டிராக் ஹப்புல, அதாவது பந்தயத் தடத்துல ஓட்டுற சைக்கிளோட ஹப்புல, இது வழக்கமா 42 மில்லிமீட்டர். பெடல் மாட்டுற கிராங்க் பழைய ரெட்டைப் பல்சக்கர வகையா இருந்தா வெளிப்பக்கத்துல இருக்குறதை உள்பக்கம் மாத்தினாலே பல நேரம் நேராயிடும், ஆனா போல்ட்டு சின்னதா வாங்கணும். செயின் அகலத்தையும் ஒரு தடவை பாத்துடுங்க, 3/32 இஞ்ச் செயின் 1/8 பல்லுல உக்காராது.

கேள்வி: மிதிக்காதப்பவும் சக்கரத்தைச் சுத்த விடுற ஃப்ரீவீல் இல்லாம ஃபிக்ஸடா, அதாவது சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்துற மாதிரி, ஓட்டினா காலாலயே நிறுத்தலாமாமே, பிரேக்கைக் கழட்டிடவா?

பதில்: கழட்டாதீங்க. கால் நிறுத்துறது பின் சக்கரத்தை மட்டும், நிறுத்தும்போது எடை பூரா முன்னாடி சாயும், அதனால முன் பிரேக்குதான் காப்பாத்தும். ஃப்ரீவீல் போட்டா ரெண்டு பிரேக்கும் கட்டாயம். அப்புறம் ஃபிக்ஸடுக்கு அந்த டென்ஷனர் ஆகவே ஆகாது, பெடலைப் பின்பக்கமா அழுத்தி மிதிச்சா கீழ்ச் செயின் இறுகி அதை வளைச்சுடும்.

கேள்வி: மட்கார்டு போட்டா லுக்கு போயிடுமா?

பதில்: போனா போகட்டும், மழையில முதுகெல்லாம் சேறடிக்கிறதுதான் லுக்கா? ஆனா வெட்டு பின்பக்கம் திறந்த ஃப்ரேம்னா சக்கரம் பின்னாடிதான் கழண்டு வரும், அப்போ மட்கார்டு இடிக்கும், கொஞ்சம் இடம் விட்டு மாட்டுங்க. பின் அச்சுல நட்டுன்னா பையில ஸ்பேனர் இருக்கட்டும், பெரும்பாலும் 15 நம்பர்தான்.